இமை வரையாத கண்

“மத்ததையெல்லாம் எடுத்துட்டுப் போங்கண்ணா. அது ஒண்ணை மட்டும் உட்டுப்போடுங்க.”

“அதைத்தானே அம்மணி வாங்கறவங்க முதல்ல கேட்டாங்க. போட்டோவைப் பார்த்ததும், அந்தக் கண்ணு வெச்சது எங்களுக்குத்தான்னு சொல்லிப்போட்டாங்க.”

“இன்னும் காயலீங்க.”

“போன வாரமும் இதையேதான் சொன்னே. ஹேர் டிரையர்ல காட்டறது?”

“காட்டாம இருப்பனுங்களா? மத்த எடமெல்லாம் கல்லாட்டக் காஞ்சுபோச்சு. கண்ணு மட்டும் ஈரமாவே இருக்குது. நீங்களே தொட்டுப் பாருங்க.”

ஜெரோம் தொட்டான். ஆள்காட்டி விரல் நுனியில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. காயாத வர்ணம் என்றால் பிசுபிசுக்க வேண்டும். இது வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோனான். வர்ண வாடை எதுவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

“ஐப்பசி மழையல்லோ, அதனால இருக்கும்” என்றாள் லோகப்பிரியா. அவள் சொன்னதை அவளே நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

மேசைமேல் இருந்தது உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியப் பெட்டி. கிட்டார் வாசிக்கிறவர்கள் காலடியில் போட்டுக்கொண்டு மிதிக்கிற சாமான். பெடல் என்பார்கள். கிட்டாரின் ஒலி இதற்குள் ஒரு குணத்தோடு நுழைந்து வேறு குணத்தோடு வெளியே போகும். ஒரு பெட்டி ஒலியைக் கரகரப்பாக்கும், இன்னொன்று அலைபோல ஆட வைக்கும். இந்தப் பெட்டி எதிரொலிக்கு உரியது. தந்தியை ஒருமுறை மீட்டினால் போதும், அதே ஒலி தேய்ந்து தேய்ந்து திரும்ப வந்துகொண்டிருக்கும்.

அதைச் செய்தவன் கதிர்வேல், லோகப்பிரியாவின் புருசன். பீளமேட்டில் பம்ப் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் அவனும் ஜெரோமும் ஒரே பிரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் ஜெரோமுக்காக விளையாட்டாக ஒரு பெட்டி செய்யப்போய், அது கதிர்வேலுக்குப் பித்தாகவே பிடித்துக்கொண்டது. சிங்காநல்லூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, லேத்துப் பட்டறைகளின் இரைச்சலுக்கு நடுவில் இருந்த அந்த வீட்டில், முன்னறை அவனுடைய பட்டறையாகிவிட்டது. ஈயப்பற்று வைக்கும் புகையில் அவன் அம்மா ராசாத்தாள் இருமிக்கொண்டே டீவி பார்ப்பாள். “ஊரெல்லாம் ஆளுக்கொரு தொழிலு பண்றாங்க, இவன் மிதியடி பண்றான்” என்பாள்.

அந்தக் கதிர்வேல் இப்போது உள்ளறைக் கட்டிலில் கிடந்தான். தை மாதத்தில் பைபாஸில் வண்டியோடு சாய்ந்தவன். மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தங்கிவிட்டது, ஆள் திரும்பவில்லை. மூக்கு வழியாகக் குழாய், குழாய் வழியாக வடிகட்டிய ராகிக் கஞ்சி. புண் வைக்காமல் இருக்க அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராசாத்தாள் தலைமாட்டைப் பிடிப்பாள், லோகப்பிரியா கால்மாட்டைப் பிடிப்பாள். கண் திறக்கவில்லை. பேச்சு இல்லை. பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத வீடாக அது மாறிப்போனது.

அலமாரியில் கதிர்வேல் விட்டுப்போன பெட்டிகள் வரிசையாக இருந்தன. உள்ளே எல்லாம் முடிந்து, மேலே வர்ணம் மட்டும் இல்லாத வெற்று அலுமினியப் பெட்டிகள். விபத்துக்கு முன்பு லோகப்பிரியா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடை மாடியில் பெண்களுக்குப் பாட்டிலிலும் பானையிலும் வர்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னச் சின்ன வர்ணப் புட்டிகள் வீட்டில் கிடந்தன. ஸ்ப்ரே அடித்தால் நெடி உள்ளறைக்குப் போகும். இது தண்ணீரில் கரைக்கிற வர்ணம், நெடி கிடையாது. ஒருநாள் கஞ்சி கொடுத்து முடித்த கையோடு ஒரு பெட்டியை எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். அதன்பிறகு நிறுத்தவில்லை.

தேய்த்த பெட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, விரல் படாமல் துணியில் ஏந்தி, முதலில் வெள்ளைப் பூச்சு. அது காய்ந்ததும் கறுப்பு. அதன்மேல் மரத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தடவுவாள். பசை முழுக்கக் காயாமல் விரலைப் பிடித்து விடுகிற பதம் வரும். அந்தப் பதத்தில் மயில்நீலத்தை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தடவிய இடத்தை மறுபடி தொடக் கூடாது. சற்று நேரத்தில் நீலம் தானாக வெடிக்கத் தொடங்கும். வெடிப்பின் அடியில் கறுப்பு தெரியும். எங்கே வெடிக்கும், எப்படிக் கிளை பிரியும் என்பது கையில் இல்லை. ராசாத்தாள் முதல்முறை அதைப் பார்த்துவிட்டு, “புதுசைப் போயி இப்படிப் பழசாக்கறயே கண்ணு, உனக்கு முத்திப்போச்சு” என்றாள். மறுநாளே கஞ்சி வடிகட்டுவதை நிறுத்திவிட்டு வந்து, எப்போது வெடிக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தாள்.

எதிரொலிப் பெட்டியின் முறை வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஈரக்காற்றில் வெடிப்பு மெதுவாக நகர்ந்தது. பெட்டியின் நெற்றியில், சின்ன விளக்கு பொருத்துகிற துளையைச் சுற்றி மட்டும் வெடிக்காமல் ஒரு தீவு நின்றது. இரண்டு முனையும் கூராக, நடுவில் அகன்று, கெண்டை மீன் போல. வேறு யாராக இருந்தாலும் அதை அப்படியே விட்டிருப்பார்கள். ஆனால் லோகப்பிரியாவின் அப்பா பல்லடம் பக்கத்துக் கோயில்களில் சுதைச் சிலைகளுக்கு வர்ணம் அடித்தவர். அவளுடைய கை யோசிக்கவில்லை. மெல்லிய தூரிகையை எடுத்து, தீவின் மேல்வரம்பில் ஒரு கோடு, கீழ்வரம்பில் ஒரு கோடு, உள்ளே வெள்ளை, துளையைச் சுற்றிக் கறுப்பு வட்டம். கடைசியாக ஒரு பொட்டு ஒளி.

பொட்டு வைத்த பிறகுதான் நினைவு வந்தது. சிலைக்குக் கண் திறக்கும்போது அப்பா எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்திவைப்பார். முதல் பார்வை பொல்லாதது, அது வேறு எதன்மீதும் விழாமல் தன்மீதே விழ வேண்டும். லோகப்பிரியா கண்ணாடி எதுவும் வைக்கவில்லை. பெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. அதற்கு நேர் எதிரே உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கதவுக்கு அப்பால் கட்டில், தலையணை, கதிர்வேலின் முகம்.

மிதிக்கிற பெட்டிக்குப் போய் சாமி சாங்கியம் பார்ப்பதா என்று சிரித்துக்கொண்டே தூரிகையைக் கழுவினாள். அது நடந்து இரண்டு வாரமாயிற்று. கண் காயவில்லை.

“சரி, காயட்டும்” என்றான் ஜெரோம் இப்போது. “சத்தமாவது சரியா வருதான்னு பார்த்துக்கறேன். ஒருக்கா மிதிச்சுப் பார்க்கட்டா?”

லோகப்பிரியாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கண்ணில் படாமல் ஓரத்துப் பித்தானை மட்டும் அழுத்தச் சொன்னாள்.

ஜெரோம் பெட்டியைத் தரையில் வைத்து வயர்களைச் செருகினான். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தான். ஷூவை வாசலில் விட்டு, காலுறையோடு நின்றான். கதிர்வேலின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு தந்தியை மீட்டிப் பித்தானை மிதித்தான். ஒலி எழுந்து, சுவரில் மோதியது போலத் திரும்பி, தேய்ந்து, மறுபடி திரும்பி, இன்னும் தேய்ந்தது. அது முழுக்க அடங்குவதற்குள் உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஓட்டைடா… ஓட்டைடா… ஓட்டை…”

ஒரே சொல், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மெலிந்து.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. ராசாத்தாள் மாவுக் கையோடு ஓடிவந்து கட்டிலருகே மண்டியிட்டாள். கதிர்வேலின் கண்கள் மூடியபடியே இருந்தன. உதடு மட்டும் உலர்ந்த பசைபோல மெல்லப் பிரிந்தது.

“சாக்ஸு அடியில ஓட்டைடா ஜெரோமு… ஜெரோமு… ரோமு…”

ஜெரோம் ஒற்றைக்காலில் நின்று மற்ற காலைத் திருப்பிப் பார்த்தான். பாதத்தின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே, காலுறை நைந்து வட்டமாகத் தோல் தெரிந்தது. அப்படியொரு ஓட்டை இருப்பது அவனுக்கே தெரியாது. தரையில் கிடந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

அன்றைக்கு ராசாத்தாளைப் பிடிக்க முடியவில்லை. மகன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, சாமி, ராசா, தங்கம் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அழுதாள். லோகப்பிரியா டாக்டருக்குப் போன் போட்டாள். பேச்சு திரும்புவது நல்ல அறிகுறி, காதில் விழுகிறதை வைத்தும் பழைய ஞாபகத்தை வைத்தும் ஏதாவது சொல்வார், குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார் அவர். ஜெரோம் மற்றப் பெட்டிகளை மட்டும் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். கண் வைத்த பெட்டியை அவனாகவே மேசைமேல் தூக்கி வைத்தான். இரண்டு கையாலும், குழந்தையைத் தூக்குவது போல.

“அவங்களுக்கு நான் வேற ஏதாச்சும் சொல்லிக்கறேன்” என்றான். போகும்போது காலுறைகளைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை லோகப்பிரியா பார்த்தாள்.

பெட்டியின் கண்ணுக்கு முன்னால் எதை வைத்தாலும் அதைக் கதிர்வேல் சொல்கிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் ராசாத்தாள்தான். மருமகளைப் போல அதற்கு அவள் பயப்படவில்லை. டாக்டர் சொன்ன காரணமும் அவளுக்குத் தேவைப்படவில்லை. பெட்டியைச் சமையல் மேடைமேல் வைத்துக்கொண்டு அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அரிசி களைவாள். உள்ளறையிலிருந்து, “எடது கைப்பக்கம் ஒரு கல்லு கெடக்குதும்மா… தும்மா…” என்று குரல் வரும். இவள் அங்கே விரலை விட்டுக் கல்லைப் பொறுக்கி எடுத்து, மருமகளிடம் நீட்டிக் காட்டுவாள்.

“பாரு. நீ கண்ணைத் தொறந்து வெச்சுட்டு இதைப் பார்த்தயா? கண்ணை மூடிட்டு அவன் பார்த்துப்போட்டான்.”

ஒரு காலையில் மழை விட்டிருந்தது. ராசாத்தாள் பெட்டியை ஒயர்க் கூடையில் வைத்து, கண் வெளியே தெரிகிறபடி துண்டால் முட்டுக்கொடுத்து, குளத்தங்கரைக்குக் கொண்டுபோனாள். லோகப்பிரியா கதிர்வேலுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் சுவரைப் பார்த்திருந்தது. சொல்லத் தொடங்கினான். மெதுவாக, மூச்சுக்கு மூச்சு இடம்விட்டு. ஆகாயத்தாமரை கரை வரைக்கும் வந்துபோச்சு. யாரோ துணி துவைக்கறாங்க. கூழைக்கடா ஒண்ணு. அதோ எந்திரிச்சுப்போச்சு. வாய்க்குள்ள மீனு இருக்குது.

“அம்மா, கூடையை எறக்கி வையி… கை வலிக்கும்… வலிக்கும்…”

லோகப்பிரியாவின் கையிலிருந்த துணி நின்றது. ஜன்னலுக்கு வெளியே பட்டறைக் கூரையும் மின்கம்பமும்தான் தெரிந்தன. இங்கிருந்து குளம் தெரியாது. அவளுக்குப் பயம் வந்தது. அதே நேரத்தில், அவன் பேச்சைக் கேட்கக் கேட்க, சிரிப்பும் வந்தது. கல்யாணமான புதிதில் அதே கரையில் நின்று, கூழைக்கடாவின் தாடையைப் பார்த்து, உங்க பெரியப்பாவாட்ட இருக்குது என்று அவள் சொல்லப்போய் அவன் கோபித்துக்கொண்டிருக்கிறான். ஆள் திரும்பிவிட்டான். வேறு வாசல் வழியாக வந்தால் என்ன, வந்துவிட்டான்.

அந்த நினைப்பில்தான் சில நாட்கள் ஓடின.

முதலில் அவள் கவனித்தது மூச்சை. பேச்சில்லாத மாதங்களில்கூட அவன் தூங்குவது அவளுக்குத் தெரியும். மூச்சு நீளும், தொண்டையில் சின்னதாக ஒரு கொர் சேரும். இப்போது அது நீளவே இல்லை. எந்த நேரத்தில் விழித்துக் கேட்டாலும் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். சொவரு. பல்லி. பல்லி போயிருச்சு. சொவரு. பெட்டி எதைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதோ அதை. மேசை விளக்கை அணைத்தால், இருட்டு என்றான். இருட்டு, இருட்டு, இருட்டு.

கன்னம் உள்ளே போயிற்று. கஞ்சி அதே அளவுதான் இறங்கியது, உடம்பில் ஒட்டவில்லை. மூடிய இமைகளின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. கண்ணு எரியுது என்றான். பெட்டியின் கண்ணிலும் ஈரம் திரண்டு, நீல வெடிப்புகளுக்குள் வழிந்து நின்றது. அவள் மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுப்பாள். காகிதம் முழுக்கக் கறுப்பாகும். கண்ணின் கறுப்பு குறையாது.

ஜெரோமை வரச்சொன்னாள். அவன் பெட்டியின் அடிமூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த பேட்டரியை எடுத்தான். உள்ளறையிலிருந்து, “டேய், கை நகத்தை வெட்டுடா… வெட்டுடா…” என்றான் கதிர்வேல். ஜெரோம் சிரித்தான். சிரித்துக்கொண்டே போய் வாசற்படியில் உட்கார்ந்து, கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டான்.

பெட்டியைத் துண்டால் மூடினார்கள்.

“துண்டு நூலு தெரியுது” என்றான் கதிர்வேல். “நூலு நூலாத் தெரியுது… தெரியுது…”

அலமாரிக்குள் வைத்துச் சாத்தினார்கள். இருட்டைச் சொன்னான். மூடி வைத்த கண் வேறு, மூடிய கண் வேறு என்பது லோகப்பிரியாவுக்கு அப்போது புரியத் தொடங்கியது.

பிறகுதான் வாசல் பேச்சு வந்தது. காற்றுப் படட்டும் என்று பெட்டியை அவள் முன்னறையில் வாசலைப் பார்த்து வைத்திருந்தாள். பகல் சாப்பாட்டு நேரம். பட்டறைகள் நின்று தெரு அமைதியாக இருந்தது. ராசாத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாசல்ல யாரு, ரொம்ப நேரமா நிக்கறாங்க… கறாங்க…?” என்றான் கதிர்வேல்.

லோகப்பிரியா எட்டிப் பார்த்தாள். கேட் சாத்தியிருந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய வாசலில் வானம்தான் கிடந்தது.

“யாருமில்லீங்க.”

“இல்ல லோகா. உள்ளார வரலாமான்னு பார்த்துட்டு நிக்கறாங்க… நிக்கறாங்க…”

ராசாத்தாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஒறம்பரை யாராச்சும் வந்தா மணியடிப்பாங்க என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆனால் அவள் கை அதே வெங்காயத்தைச் சருகு போய், தோல் போய், சதையையும் உரித்துக்கொண்டிருந்தது.

“என்னாட்ட ஆளுங்க அவங்க?” என்று கேட்டாள் லோகப்பிரியா. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

கதிர்வேல் யோசித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“எப்பவும் இருக்கறவங்கதான் போல லோகா. நாம கண்ணைச் சிமிட்டறப்ப அக்கட்ட இக்கட்ட நவுந்துக்குவாங்களாட்ட இருக்குது. அதனாலதான் யாருக்கும் தெரியறதில்ல. எனக்குத்தான் சிமிட்டவே முடியலையே… முடியலையே…”

லோகப்பிரியா எழுந்து முன்னறைக்குப் போனாள். பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, தான் வரைந்ததைத் தானே முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். மேற்கோட்டுக்கு மேலே மடிப்பு இல்லை, நிழல் இல்லை. சுதைச் சிலைக்கு இமை வரைய மாட்டார்கள். சாமி இமைக்காது. காவலுக்கு நிற்கிற சாமிக்கு இமை எதற்கு என்பார் அப்பா. சின்ன வயதில் பார்த்துப் பார்த்துப் பழகிய கை, மனுசனுக்கும் அதே கண்ணை வைத்துவிட்டது. பகலும் இரவும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லி.

ராசாத்தாளிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே மாமியாருக்குப் புரிந்துவிட்டது. வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப இமை வரைஞ்சுட்டா?”

“தூங்குவாருங்கத்தே.”

“தூங்குனா?”

“உடம்பு தேறுமுங்க. இப்படியே போனா ஆளு கரைஞ்சுபோயிருவாரு. பாக்கறீங்கல்லோ.”

“நான் அதைக் கேக்கல கண்ணு. தூங்குனா எந்திரிப்பானா?”

வர்ணத்தில் இமையை மூடியும் வரையலாம், திறந்தும் வரையலாம். சிமிட்டும்படி வரைய முடியாது. கண் ஈரமாக இருக்கிறதே, கழுவிவிடலாமே என்றும் லோகப்பிரியா நினைத்தாள். தண்ணீரில் கரைத்த வர்ணம் ஈரமாக இருக்கிறவரைக்கும் தண்ணீருக்குக் கட்டுப்படும். காய்ந்துவிட்டால் அப்புறம் எதற்கும் கட்டுப்படாது. இந்தக் கண் ஏன் இத்தனை நாளாகக் காயாமல் காத்திருக்கிறது? கழுவட்டும் என்றா, முடிக்கட்டும் என்றா?

“தை மாசத்திலிருந்து தூங்குனவனைப் பார்த்துப்போட்டேன்” என்றாள் ராசாத்தாள். “கூப்புட்டுக் கூப்புட்டு என்ற தொண்டை கட்டிப்போச்சு. இப்பத்தான் அம்மான்னு சொல்றான். கல்லு பொறுக்கச் சொல்றான். நீ அதை மூடறேங்கறே.”

“அவரு எரியுதுன்னு சொல்றாருங்க.”

“எரியட்டும். எரியறது உசுரு இருக்கறவனுக்குத்தான்.”

சொன்னவள் அதற்குப் பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கரண்ட் நிறுத்தம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்த ஒரு பகல். லேத்துகள் ஓடவில்லை. மழை தூறாமலும் விடாமலும் நசநசத்தது. கதிர்வேல் காலையிலிருந்து வாசலில் நிற்பவர்களைப் பற்றிச் சொல்லவில்லை. அதைவிட மோசமாக, அவர்களோடு பேசிக்கொண்டிருந்தான். ஆமாங்க என்றான். இல்லீங்க என்றான். ஊட்டுல கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க என்றான். யாரிடமோ மரியாதையாகத் தவணை கேட்பது போல இருந்தது.

லோகப்பிரியா பீங்கான் தட்டை எடுத்தாள். பழுப்பு, கொஞ்சம் வெள்ளை, துளி மஞ்சள். தூரிகையால் குழைத்து, கட்டிலருகே போய்க் குனிந்தாள். அவன் இமையோடு தட்டை ஒட்டிப் பார்த்தாள். நிறம் சற்று வெளுப்பாக இருந்தது. மேலும் துளி பழுப்பு விட்டுக் குழைத்தாள். அவன் இமையில் மெல்லிய நரம்பு ஒன்று ஓடுவதையும், ஓரத்தில் ஒரு சின்ன மச்சம் இருப்பதையும் இத்தனை வருசத்தில் இப்போதுதான் பார்க்கிறாள். நிறம் பொருந்திவிட்டது. தட்டில் எது, இமையில் எது என்று தெரியாதபடி.

ராசாத்தாள் கட்டிலின் கால்மாட்டில் மகன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகள் செய்வது எல்லாம் தெரிந்தது. தூரிகை கழுவ வைத்திருந்த தண்ணீர்க் குவளையை மட்டும் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். வேண்டியிருந்தால் உடனே துடைத்துவிடலாம் என்பது போல.

லோகப்பிரியா பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். கண் அவளை நேராகப் பார்த்தது. ஈரத்தில் அவள் முகம் சின்னதாக, வளைந்து தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் அறை தெரிந்தது. அறைக்குப் பின்னால் வாசல். அங்கே பார்க்காமல் இருக்க அவள் கண்ணைச் சிமிட்டினாள். சிமிட்டிய பிறகு, சிமிட்டியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

“லோகா, உன்ற மூஞ்சி பெருசாத் தெரியுது” என்றான் கதிர்வேல். குரலில் பழைய கேலி இருந்தது. “மூக்குல வர்ணம் ஒட்டியிருக்குது… இருக்குது…”

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். தூரிகையைப் பழுப்பில் தோய்த்தாள். நுனியில் துளி கனத்தது. மேற்கோட்டின் மேலே ஒரு நெல்மணி உயரத்தில் கையை நிறுத்தினாள். இறக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. ராசாத்தாளின் விரல்கள் மகனின் பாதத்தை இறுக்கிப் பிடித்தன.

மழை ஒரு மூச்சு நின்றது. எதைச் சொன்னாலும் திரும்பத் திரும்பத் தேய்த்துச் சொல்கிறவன், இந்த முறை ஒரே தடவைதான் சொன்னான்.

“மூடியே வரைஞ்சுடு லோகா. நான் தொறந்துக்கறேன்.”